திருச்சிக்குப் போய்ச் சேராத கருமருந்து

1752ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுச்சேரியிலிருந்து ஒரு படை கிளம்பியது. அதில் 120 ஐரோப்பியர்கள், 500 சிப்பாய்கள், 4 பீரங்கிகள். நடுவில் மாடுகளின் மேலும் வண்டிகளிலும் கருமருந்துப் பீப்பாய்கள், துப்பாக்கிகள், குண்டுகள், பணம். சண்டைக்குப் போகும் படை என்பதைவிடச் சரக்குக்குக் காவலாகப் போகும் படை என்பதே சரி. சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம் ஸ்ரீரங்கம். அங்கே ஜாக் லா என்பவரின் கீழ் பிரெஞ்சுப் படையும், ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கொண்டாடிய சந்தா சாகிப்பின் படையும் அந்தச் சரக்குக்காகக் காத்திருந்தன.

புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். பாரம் சுமந்த மாடு நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடக்கும். இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் அது. ஏழு வாரம் இழுத்தும் முடியவில்லை. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தின் வாலிகண்டபுரத்துக்கும் அதற்குத் தெற்கே உள்ள ஊட்டத்தூருக்கும் இடையே முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் ரஞ்சன்குடிக் கோட்டையின் அடைத்த கதவுக்கு முன்னால் அது எதிரியின் கைக்குப் போனது. திருச்சி முற்றுகையின் முடிவு எழுதப்பட்டது அந்தக் கதவடியில்தான்.

(1752ஆம் ஆண்டுக்கு இங்கே தரும் தேதிகள் அன்று ஆங்கிலேயர் வைத்திருந்த பழைய நாட்காட்டிப்படி அமைந்தவை. பிரெஞ்சுக்காரர் கணக்குக்குப் பதினொரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

பீப்பாய்க்குள் இருந்தது

வெடியுப்பு முக்கால் பங்கு, மீதிக் கால் பங்கில் கரியும் கந்தகமும். இதுதான் கருமருந்து. வெடியுப்புக்குப் பேர்போன நாடு பீகார். பாட்னாவில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் போட்டி போட்டு அதை வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவின் போர்களுக்கும் இந்தியாவின் மண்தான் உப்புக் கொடுத்தது.

கோட்டையைப் பிடிக்க வந்தவனுக்கு இந்த மருந்து எவ்வளவு தேவை என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதிலை உடைக்கும் பெரிய பீரங்கி 24 பவுண்டு குண்டை எறியும். ஒவ்வொரு குண்டுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பவுண்டு மருந்து எரியும். ஒரே பீரங்கி நூறு முறை சுட்டால் ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு மருந்து காற்றோடு போய்விடும். நூறு குண்டில் எந்த நல்ல மதிலும் விழாது. ஆகவே முற்றுகை என்பது சுடுகிறவனின் வீரத்தைவிட, அவனுக்குப் பின்னால் எத்தனை மாட்டுவண்டி ஒழுங்காக வருகிறது என்பதைப் பொறுத்தது.

மருந்து மிகவும் முரண்டு பிடிக்கும் சரக்கு. ஈரம் பட்டால் எரியாது. நெருப்புப் பொறி பட்டால் ஒரு படையையே கொண்டுபோய்விடும். மழைக்கு முன் போக வேண்டும், சமையல் நெருப்புக்கு எட்டாத தூரத்தில் இறக்கி வைக்க வேண்டும். மாடுகளுக்கு வைக்கோலும் தண்ணீரும் வேண்டும். அதனால் ஏரி இருக்கும் ஊர்களைத் தொட்டுத் தொட்டுத்தான் வண்டி நகரும். பெரம்பலூர்ச் சீமையின் கரிசல் மண்ணில் கோடையில் ஏரிகள் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த மாதத்தில் ஒரு படை வந்து இறங்கினால், ஊர்க்காரர் தங்கள் மாட்டுக்குச் சேர்த்து வைத்த வைக்கோல் போரும் மிச்சமிருக்கும் தண்ணீரும் முதலில் போகும். வெள்ளைக்காரர்கள் எழுதிய போர்க் கதைகளில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. வண்டி ஓட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தப் போரைத் தாங்கியது அவர்கள் தோள்தான்.

முற்றுகையிட்டவன் முற்றுகைக்குள் போன கதை

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே சந்தா சாகிப்பின் பின்னால் நின்றார். சென்னையின் ஆங்கிலேயக் கம்பெனி முகமது அலியின் பின்னால் நின்றது. 1751 பிற்பாதியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சுற்றி வளைத்தார்கள். ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து அங்கே முற்றுகையைத் தாங்கிய புகழ்பெற்ற கதை, திருச்சிக் கோட்டையின் மேல் இருந்த அழுத்தத்தைக் குறைக்கச் செய்த வேலைதான். மைசூரின் நஞ்சராஜாவும், மராட்டியரான முராரி ராவும், தஞ்சாவூரும் முகமது அலியின் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

1752 மார்ச்சில் கடலூருக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒரு சரக்குப் படையோடு புறப்பட்டார். 400 ஐரோப்பியர், 1,100 சிப்பாய்கள், 8 பீரங்கிகள், ஏராளமான போர்ச் சரக்கு. கிளைவும் கூட வந்தார். வழியில் மறிக்க வேண்டிய ஜாக் லா அரைகுறையாக முயன்று தோற்றார். மார்ச் 28ஆம் தேதி அந்தச் சரக்கு திருச்சிக்குள் போனது. உடனே நிலைமை தலைகீழானது. லா தன் படையை எடுத்துக்கொண்டு காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் போனார். நேற்றுவரை திருச்சியைச் சுற்றி வளைத்தவர்கள் இன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தாங்களே வளைக்கப்பட்டார்கள்.

ஒரே வசந்தத்தில் திருச்சியை நோக்கி இரண்டு சரக்குப் படைகள் புறப்பட்டன. ஒன்று போய்ச் சேர்ந்தது. மற்றது சேரவில்லை. கர்நாடகப் போரின் இந்தக் கட்டத்தை இந்த இரண்டு வரியிலேயே சொல்லி முடித்துவிடலாம்.

முதல் முயற்சி: ஊட்டத்தூர்

லாவின் மேல் டூப்ளே நம்பிக்கை இழந்தார். சரக்கோடு தன் மைத்துனர் டோத்தேயை அனுப்பினார். லாவிடமிருந்து தலைமையை வாங்கிக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. வயதானவர், கீல்வாதக்காரர். அந்த வண்டிகளோடு படைத் தலைமையும் பயணம் செய்தது.

இதற்குள் கிளைவ் ஒரு யோசனை சொல்லியிருந்தார். படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொள்ளிடத்துக்கு வடக்கே நிறுத்தினால் புதுச்சேரிச் சாலை அடைபடும் என்றார். லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 6ஆம் தேதி இரவு கிளைவ் ஆற்றைக் கடந்து சமயபுரத்தில் முகாம் போட்டார். துணிச்சலான ஏற்பாடு அது. பிரிந்த இரண்டு பாதிகளில் எதையும் லா தனியாக அடித்திருக்க முடியும். ஆனால் சாலை அடைபட்டுவிட்டது.

டோத்தேய் ஏப்ரல் 14ஆம் தேதி ஊட்டத்தூர் வந்தார். அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். செய்தி கிடைத்ததும் கிளைவ் வடக்கே கிளம்பினார். டோத்தேய்க்கு அது தெரிந்து, சரக்கைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கினார். கிளைவும் திரும்பி வந்தார். கிளைவ் போனது மட்டும் தெரிந்த லா, திரும்பியது தெரியாமல், காலியான முகாமைப் பிடிக்கலாம் என்று 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் இரவோடு இரவாகச் சமயபுரத்துக்கு அனுப்பினார். அந்த ஐரோப்பியரில் பாதிப் பேர் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போன ஆங்கிலேயர்கள். காவல்காரன் கேட்டதற்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி முகாமுக்குள் நுழைந்துவிட்டார்கள். கிளைவ் படுத்திருந்த சத்திரத்தின் மேல் குண்டுகள் பாய்ந்தன. பக்கத்தில் படுத்திருந்த பணியாள் செத்தான். விடிந்தபோது உள்ளே வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வடக்கே நின்ற அந்த மருந்து வண்டிகள் ஒரு குண்டும் வெடிக்காமலேயே இத்தனை உயிரை வாங்கின.

இரண்டாம் முயற்சி

மே மாதம் டோத்தேய் ஊட்டத்தூரில் இருந்தார். இந்த முறை லாரன்ஸ், கேப்டன் டால்டனை 150 ஐரோப்பியர், 400 சிப்பாய்கள், 500 மராட்டியக் குதிரை வீரர்களோடு அனுப்பினார். ஊட்டத்தூர்ப் பக்கம் சண்டை நடந்தது. எதிரே இருப்பவர்களின் எண்ணிக்கை தெரியாமல் டோத்தேய் இரவோடு இரவாக வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினார்.

டோத்தேய் கோழை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நிலையில் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். கூட இருப்பது சில நூறு பேர். பின்னால் இருப்பது ஒரு பொறியில் சாம்பலாகக்கூடிய மருந்து. வேகமாக ஓட முடியாத மாடுகள். எதிரே குதிரைப்படை. சரக்கைத் தொலைத்துவிட்டு உயிரோடு போய்ச் சேர்ந்தாலும் லாவுக்குப் பயனில்லை. சரக்குப் படையின் தலைவனுக்குத் தைரியத்தைவிட எதிரியைப் பற்றிய செய்தி முக்கியம். அதுதான் அவரிடம் இல்லை. ஊர் ஊராக ஓடிய செய்தி ஆங்கிலேயருக்கும் மராட்டியருக்கும் போனது. அவருக்கு வரவில்லை.

இதற்கிடையில் கிளைவ் கொள்ளிடக் கரையில் பிச்சாண்டார்கோயிலைப் பிடித்தார். மறு கரையில் இருந்த சந்தா சாகிப்பின் முகாமுக்குள் அங்கிருந்தே குண்டு போட முடிந்தது. கிழக்கே தஞ்சைப் படையின் மானோஜி கோவிலடியைப் பிடித்திருந்தார். தீவுக்குள் தானியம் வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சம்பளமும் சோறும் இல்லாத சந்தா சாகிப்பின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விட்டுப் போனார்கள். சிலர் நேராகக் கிளைவிடமே போய்ச் சேர்ந்தார்கள். இப்போது தீவின் கண்கள் எல்லாம் வடக்கே வாலிகண்டபுரத்தைப் பார்த்திருந்தன.

மூன்றாம் முயற்சி: அடைத்த கதவு

மே 27ஆம் தேதி டோத்தேய் கடைசி முறையாகக் கிளம்பினார். கிளைவ் அன்று மாலையே சமயபுரத்திலிருந்து புறப்பட்டு ஊட்டத்தூர் வந்தார். அதைக் கேட்டு டோத்தேய் மூன்றாம் முறையாகத் திரும்பினார். ஆனால் இந்த முறை தப்ப விடவில்லை. மராட்டியக் குதிரைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, நின்று நின்று சண்டை போட வைத்தன. கிளைவின் 600 சிப்பாய்கள், நம் நாட்டு ஆட்கள், ஐரோப்பியரை முந்திக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தார்கள். டோத்தேயின் ஆட்கள் வாலிகண்டபுரத்துப் பேட்டையின் மண் மதிலுக்குள் புகுந்தார்கள். அங்கும் நிற்க முடியவில்லை. கல் கோட்டைக்குள் போனால் பிழைக்கலாம். கோட்டை அதிகாரி கதவைத் திறக்க மறுத்துவிட்டார்.

அன்று ஆங்கிலேயர் வாலிகண்டபுரம் என்ற பெயரிலேயே குறித்த அந்தக் கோட்டைதான் ரஞ்சன்குடி. பாறை மேல் அடுக்கடுக்கான மதில்கள், கீழே சமதளத்தில் கல் கோட்டை, அதை ஒட்டி மண் சுவர் சூழ்ந்த ஊர் என்று அந்தக் காலக் குறிப்புகள் வர்ணிக்கும் அமைப்பை இன்றும் அங்கே காணலாம்.

இந்தக் கதவுக்கு ஒரு முன்கதை உண்டு. 1751 ஜூலையில் இதே கோட்டைக்கு வெளியே கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலேயப் படையும், சற்றுத் தள்ளிச் சந்தா சாகிப்பின் பெரும்படையும் பிரெஞ்சுக்காரரும் வந்து நின்றார்கள். இருவரும் கோட்டையைத் தங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டார்கள். அதிகாரி யாருக்கும் தரவில்லை. இருவருக்கும் நல்ல வார்த்தை சொல்லி இரண்டு வாரம் ஓட்டினார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் ஊருக்குள் புகுந்து தீ வைத்தார்கள். அவர் உடனே பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட்டார். அன்றைய சண்டையில் ஆங்கிலேயச் சோல்ஜர்கள் மிரண்டு ஓடினார்கள். முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, ஓடாமல் நின்ற ஆப்பிரிக்க வீரர்களைக் காட்டி, ஓடியவர்களை ஏசினார். அந்தப் படையில் உணவுப் பொருள் சேகரிக்கும் அதிகாரியாக இருந்தவர் கிளைவ். பத்து மாதம் கழித்து அதே இடத்துக்கு அவர் திரும்பி வந்தபோது எதிரியின் உணவையும் மருந்தையும் பிடிக்க வந்திருந்தார்.

கோட்டை அதிகாரி துரோகி என்றோ தந்திரக்காரர் என்றோ எழுதுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாரோ இரண்டு பேர் நவாப் பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். கடல் தாண்டி வந்த இரண்டு கம்பெனிகள் அவர்களைத் தூக்கிப் பிடிக்கின்றன. நடுவில் எரிவது அவர் ஊர். ஜெயிக்கிறவன் யார் என்று தெரியும்வரை கதவைச் சாத்தி வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. 1752இல் லாரன்ஸின் ஆட்கள் முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்திருந்தார்கள். யார் ஜெயிக்கிறார்கள் என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. எத்தனையோ பாளையக்காரர்களும் கோட்டை அதிகாரிகளும் அந்த ஆண்டுகளில் இதையேதான் செய்தார்கள்.

மே 29ஆம் தேதி டோத்தேய் வெள்ளைக் கொடி காட்டினார். சுமார் 100 ஐரோப்பியர், 400 சிப்பாய்கள், 340 குதிரை வீரர்கள் சரணடைந்தார்கள். சிப்பாய்களிடமிருந்து ஆயுதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அக்கால வழக்கப்படி விட்டுவிட்டார்கள். ஐரோப்பியர் கைதிகளானார்கள். ஏழு வாரம் அலைந்த மருந்துப் பீப்பாய்கள் வேறு கொடியின் கீழ் போயின.

செய்தி தீவுக்குப் போனபோது

உதவி இனி வராது என்று தெரிந்த பிறகு தீவுக்குள் அதிக நாள் ஆகவில்லை. சந்தா சாகிப் உயிருக்கு உறுதி வாங்கிக்கொண்டு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் போய்ச் சேர்ந்தார். அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை. அவர் தலை வெட்டப்பட்டு முகமது அலிக்கு அனுப்பப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் ஜாக் லா எழுநூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களோடும் இரண்டாயிரம் சிப்பாய்களோடும் சரணடைந்தார். வாலிகண்டபுரத்தில் டோத்தேய் சரணடைந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

திருச்சியின் துன்பம் அதோடு தீரவில்லை. உதவிக்குப் பதிலாகத் திருச்சியையே தருவதாக முகமது அலி மைசூருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை நிறைவேற்றாததால் நஞ்சராஜா பிரெஞ்சுப் பக்கம் போனார். 1753, 1754 இரண்டு ஆண்டும் திருச்சியைச் சுற்றிச் சண்டை நடந்தது. 1754இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார்.

1757இல் டோத்தேய் மறுபடி வந்தார். இப்போது முற்றுகையிடுபவர் அவரே. உடையார்பாளையத்தில் பாளையக்காரரிடம் திறைப் பணம் கேட்டு நின்றுவிட்டு, மே மாதம் திருச்சியை வளைத்தார். மதுரையிலிருந்த கேப்டன் கல்லியோ கோட்டையைக் காப்பாற்ற விரைந்து வந்தார். சாலைகளை எல்லாம் டோத்தேய் அடைத்திருந்தார். தண்ணீர் நின்ற நெல் வயல்களை மட்டும் விட்டுவிட்டார், அதில் படை வராது என்று. கல்லியோ பீரங்கிகளை விட்டுவிட்டு, அந்தச் சேற்றிலேயே இரவு முழுவதும் நடந்து விடியும்போது கோட்டைக்குள் போய்விட்டார். டோத்தேய் புதுச்சேரிக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டுக்கு முன் வண்டியோடு இருந்ததால் சாலையை விட்டு இறங்க முடியாமல் தோற்றவர், வண்டியை உதறிவிட்டு வயலில் இறங்கியவரிடம் இப்போது தோற்றார்.

சாலையோரக் கோட்டை

ரஞ்சன்குடிக் கோட்டை சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் கீழ் இருந்த ஜாகிர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. மூன்று நிலை மதில்கள், அரைவட்டக் கொத்தளங்கள், அகழி, மேலே கோட்டைமேடு, கீழே பேட்டை, பள்ளிவாசல், நிலவறைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே வாலிகண்டபுரத்தில் வாலீஸ்வரர் கோயில். தெற்கே ஊட்டத்தூரில் சுத்த ரத்னேஸ்வரர் கோயில். அந்த மருந்து வண்டிகள் முன்னும் பின்னும் அலைந்த தூரத்தை இன்று ஒரு மணி நேரத்துக்குள் காரில் கடந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் கடந்து போகிறார்கள்.

நம் பள்ளிப் பாடத்தில் கர்நாடகப் போர் என்றால் ஆர்க்காடு, திருச்சி, வந்தவாசி. கிளைவின் வீரம், டூப்ளேயின் கனவு. வாலிகண்டபுரம் ஒரு வரிகூட வருவதில்லை. வந்தாலும் 1751இல் நடந்ததும் 1752இல் நடந்ததும் ஒன்றோடொன்று குழம்பி, யார் ஜெயித்தார்கள் என்பதே மாறிப்போகிறது. 1751இல் இங்கே ஓடியவர்கள் ஆங்கிலேயர்கள். 1752இல் இங்கே சரணடைந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு முறையும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் அவர்களை ஒருநாள் ரஞ்சன்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய், பேட்டையில் நிறுத்தி, எந்தக் கதவு அடைபட்டது, அதனால் திருச்சியில் என்ன நடந்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையில் போகும் மற்றவர்களும் ஒரு மணி நேரம் ஒதுக்கி இறங்கிப் பாருங்கள்.